இஞ்ஞாசியம்மாளும் ஆறு மாத அரியரும்

படுக்கையில் விழுந்தவரைக் கவனிக்க ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அவர் முதுகைத்தான். வீட்டார் ஆயிரம் சொல்வார்கள். ஆளைப் புரட்டிப் பார்த்தால் நடப்பு தெரிந்துவிடும். இஞ்ஞாசியம்மாளை நான் முதன்முதலில் புரட்டியது ஒரு ஜனவரி மாதம், தூத்துக்குடியில் அவருடைய மகன் டெரன்ஸின் அடுக்குமாடி வீட்டில். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அதன் மேல் முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டி வைத்திருந்தார்கள். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. நாற்றம் வெளியே போகக் கூடாது என்று கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"தங்கச்சி வீட்டுல வந்த புண்ணு. எங்க வீட்டுல வந்தது இல்ல" என்றான் டெரன்ஸ். அவன் என்னிடம் சொன்ன முதல் வாக்கியமே அதுதான்.

"எங்க வந்தா என்ன தம்பி? புண்ணு அட்ரஸ் பாத்தா வருது?" என்று கேட்டுவிட்டு வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன்.

சாயர்புரத்தில் படிப்பை முடித்ததும் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாளர் பயிற்சி எடுத்தவள் நான். பெயர் ஜெயஷீலா. ஆஸ்பத்திரி வேலையை விட்ட பிறகு வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கே வயதாகிவிட்டது, ஆனாலும் ஆளைப் புரட்டத் தெரியும். அது பலத்தில் இல்லை, பிடிக்கிற இடத்தில் இருக்கிறது.

இஞ்ஞாசியம்மாள் சாதாரணமான ஆள்தான். அப்பா கொழும்புக்குப் போகிற தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். கணவரும் தோணியில் போனவர். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார். அப்போது டெரன்ஸ் பள்ளிக்கூடம் போகிறவன், ஷெர்லின் கைக்குழந்தை. நல்லவேளையாக அம்மாவுக்கு அரசு வேலை இருந்தது. மீன்வளத் துறையில் எழுத்தர். சங்கு குளிக்கிற காலத்தில் கடலிலிருந்து வருகிற சங்குகளை வளையத்தில் விட்டு அளந்து தரம் பிரிக்கும்போது பதிவு எழுதியவர். குளிக்கிறவர்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லித் திட்டுவார் என்றும், அவர்கள் அதற்காகவே அவரிடம் வந்து நிற்பார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். சூப்பிரண்டாக ஓய்வுபெற்றார். டெரன்ஸைக் கப்பல் வேலைக்குப் படிக்க வைத்தார். ஷெர்லினை ஆறுமுகநேரியில் ரசாயன ஆலையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார். மாதா கோயிலுக்குப் பின்னால் சந்தில் சொந்த வீடு ஒன்று வைத்திருந்தார். எழுபத்தைந்து வயதில், இனி என்ன என்று அதை விற்று இரண்டு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். தன் வாழ்க்கையில் கூறுகெட்டுப் போய்ச் செய்த ஒரே காரியம் அது என்று அவரே சொல்வார்.

வீடு போன பிறகு அம்மாவுக்கு முறை வைத்தார்கள். ஜனவரி முதல் ஜூன் வரை டெரன்ஸ் வீடு. ஜூலை முதல் டிசம்பர் வரை ஷெர்லின் வீடு. அம்மா எங்கே இருக்கிறாரோ அங்கே ஏ.டி.எம். கார்டும் இருக்கும். ஆட்டோவில் அம்மாவை ஏற்றும்போது கார்டைப் பைபிளுக்குள் வைத்துக் கொடுத்துவிடுவது வழக்கம்.

இந்த முறையை ஏன் ஜனவரியிலும் ஜூலையிலும் மாற்றினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அரசு ஓய்வூதியத்தில் அடிப்படைத் தொகை ஒன்று உண்டு. அது அப்படியே நிற்கும். விலைவாசி ஏற ஏற, அதன் மேல் இத்தனை சதவீதம் என்று டி.ஏ. எனப்படும் அகவிலைப்படி சேர்ப்பார்கள். ஜனவரியையும் ஜூலையையும் வைத்துத்தான் அந்தக் கணக்கு. டெரன்ஸும் ஷெர்லினும் அதை வைத்தே அம்மாவைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு உயர்வு உனக்கு, ஒரு உயர்வு எனக்கு. ஆனால் உயர்வு ஒரு மாதத்திலிருந்து கணக்கானாலும் அறிவிப்பு பல மாதம் கழித்துத்தான் வரும். வந்ததும் விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து மொத்தமாக ஏறும். அதைத்தான் அரியர் என்கிறோம். அரியர் யார் முறையில் கைக்கு வரும் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

கொரோனா காலத்தில் அகவிலைப்படியையே நிறுத்தி வைத்தார்கள். கடையில் எண்ணெய் விலை நிற்கவில்லை, மாத்திரை விலை நிற்கவில்லை. இது மட்டும் நின்றது. நின்ற மாதங்களுக்கு அரியரும் தரவில்லை. அந்தச் சமயத்தில் அம்மாவை வைத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் மனம் இல்லை. டெரன்ஸ் தன் முறை முடியும் முன்பே, வீட்டில் எல்லாருக்கும் தொற்று என்று சொல்லி ஆறுமுகநேரிக்கு அனுப்பினான். தொற்று யாருக்கும் இல்லை.

பிறகு அம்மாவுக்கு எண்பது முடிந்தது. எண்பது முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் கூடுதலுக்கும் அகவிலைப்படி உண்டு. திடீரென்று அம்மாவுக்கு மதிப்பு ஏறியது. பிறந்தநாளுக்கு டெரன்ஸ் கேக் வாங்கி வெட்டினான். "எனக்கு எழுவத்தொம்பதாவது பொறந்தநாளுக்கு ஒரு தேங்கா பன்னு கூட கிடையாது ஏளா" என்று இஞ்ஞாசியம்மாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பணத்தில் அவருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால் அதையும் சொல்கிறேன். ஷெர்லின் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு அவருக்குத் தேவைப்பட்டது டயப்பர், காஸ் துணி, புண்ணுக்கு மருந்து, காற்று அடைத்த மெத்தை, புரட்டிப் போட இரண்டு கை. இவ்வளவுதான். எண்பது வயதில் படுத்துக் கிடப்பவர் ஒரு கைப்பிடி சோறுதான் சாப்பிடுகிறார். விலைவாசி என்று கணக்கெடுக்கிறவர்கள் அரிசியையும் பருப்பையும் வாடகையையும் பார்த்து ஏற்றிக் கொடுக்கிறார்கள். டயப்பர் விலை போகிற போக்கு அதற்குள் அடங்காது. மருத்துவப்படி என்று தனியாக ஒன்று வருகிறது. அது ஏறுவதே இல்லை. ஒரு டயப்பர் பாக்கெட்டுக்கே காணாது. சரி, அரசாங்கத்தை விடுங்கள். ஏற்றிக் கொடுத்ததிலிருந்தாவது மெத்தை வாங்கலாம் அல்லவா? டெரன்ஸ் வீட்டில் புதிதாகப் பெரிய டி.வி. இருந்தது. மெத்தை இல்லை. ஷெர்லின் ஒரு பழைய பஞ்சு மெத்தையின் மேல் ரெக்சின் விரித்து, அதன் மேல் அம்மாவைப் போட்டிருந்தாள். வேர்வையில் ரெக்சின் தோலோடு ஒட்டியிருக்கும். புண் வராமல் என்ன செய்யும்?

டெரன்ஸ் என்னைத் தானாக வேலைக்கு வைக்கவில்லை. அம்மாவைப் பார்க்க வந்த பங்குச் சாமியார் நாற்றம் பட்டுக் கேட்டுவிட்டார். அந்த வெட்கத்தில் வைத்தான். பகல் வேலை மட்டும். முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். காற்று மெத்தை வாங்காமல் கையை வைக்க மாட்டேன் என்று முதல் நாளே சொன்னதால் முணுமுணுத்துக்கொண்டு வாங்கினான். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டினேன். இரவில் புரட்ட அவன் மனைவி ஸ்டெபிக்குச் சொல்லிக் கொடுத்தேன். பாதி நாள் செய்தாள், பாதி நாள் செய்யவில்லை. இருந்தும் புண்ணில் சதை வளர்ந்தது. ஜூன் மாதம் ஆனபோது விரல்நுனி அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அந்த மாதத்தில் அகவிலைப்படி அறிவிப்பு வந்தது. ஜனவரியிலிருந்து கணக்கு. ஆறு மாத அரியர் ஜூலையில் ஏறும் என்றார்கள். செய்தி வந்த அன்று சாயங்காலம் இஞ்ஞாசியம்மாள் மகனைக் கூப்பிட்டார்.

"ஏலே டெரன்ஸ், இந்தத் தடவ என்ன இங்கனயே விட்டுரு. அங்க போனா அவ புரட்ட மாட்டா. ஜெயாவ ராத்திரிக்கும் வச்சிக்கிடுவோம். எம் பென்ஷன் இருக்குல்லா?"

"முறைன்னா முறைம்மா. அவளுக்கு உள்ளத அவதான பாக்கணும்?"

"முறை எனக்கா, ஒங்களுக்கா?"

"சும்மா பேசாதிய. ஸ்டெபி தங்கச்சி குடும்பம் வருது. ரூம் வேணும்."

"எம் பணத்துல ஜெயாவுக்குச் சம்பளத்தக் கூட்டிக் குடு. எனக்கு டி.ஏ. ஏறும்போது அவளுக்கும் ஏறணும்."

"ஏன், இவங்க என்ன கவர்மென்ட் சர்வன்டா?"

"நீ என்ன கவர்மென்ட் சர்வன்டாலே? எத்தன வருசமா எம் டி.ஏ.வத் திங்க?"

அவன் எழுந்து போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டான். எனக்கு அங்கே நடக்கப் போவது தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு ஆறு மாதம் ரெக்சின் மேல் புரட்டாமல் கிடந்தால் அந்தப் புண் எலும்பு வரைக்கும் போகும். அப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் அடுத்த ஜனவரியைப் பார்க்க மாட்டார். இது அவருக்கும் தெரியும். எழுத்தராக இருந்தவர், கணக்குப் போடத் தெரியாதவர் இல்லை.

ஜூலை முதல் தேதி ஒரு வேனில் அவரைப் படுக்க வைத்து ஆறுமுகநேரிக்குக் கிளம்பினோம். டெரன்ஸ் முன்னால், நான் பின்னால் அம்மாவோடு. ஷெர்லினுக்கு டிரெசிங் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. வேன் ஓட்டியவர் நயினார் என்ற நடுத்தர வயதுக்காரர். மேடு பள்ளம் பார்த்துப் பையத்தான் ஓட்டினார். வழி நெடுக உப்பளத்து வெள்ளை கண்ணைக் குத்தியது.

ஷெர்லின் வீட்டு கேட் பூட்டியிருந்தது. உள்ளே அவள் நின்றுகொண்டிருந்தாள். சாவி கையில்தான் இருந்தது.

"கார்டு எங்க அண்ணே?"

"அது இருக்கட்டும். முதல்ல அம்மாவ இறக்கு."

"பைபிள்ல பாரு, இருக்கான்னு. இருக்காதே! எனக்குத் தெரியும்."

"அரியர் என் முறைக்கு உள்ளது ஷெர்லின். ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் வச்சிப் பாத்தது நான். அது ஏறட்டும். எடுத்துக்கிட்டு கார்ட குடுத்து விடுதேன்."

"அப்ப அது ஏறுத அன்னைக்கே அம்மாவையும் குடுத்து விடு. கொரோனாவுல டி.ஏ. இல்லாத நேரம் எந் தலையில தள்ளுனிய, அப்பம் முறை தெரியலையோ?"

"ஒம் புருசன் சம்பாதிக்கான்லா?"

"ஒம் பொண்டாட்டி மட்டும் என்ன, புல்லா புடுங்குதா?"

இப்படியே போனது. வேனின் கதவு திறந்து கிடந்தது. வெயில் நேராக அம்மாவின் கால்மேல் அடித்தது. டயப்பர் நிறைந்து வழிந்து டிரெசிங் வரைக்கும் ஈரம் ஏறிவிட்டது. அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை.

"புண்ணுல மூத்திரம் எறங்குது. உள்ள கொண்டுபோய் மாத்திக்கிடுதேன். அப்புறம் விடிய விடியச் சண்ட போடுங்க."

"அக்கா, நீங்க குறுக்க வராதிய. இது குடும்ப விசயம்" என்றாள் ஷெர்லின்.

"குடும்பத்துக்குக் கண்ணு இருக்கா இல்லையா? எட்டிப் பாரு."

அவள் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் பார்த்தார்கள். நயினார் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "சார், இறக்கலன்னா இறக்கலன்னு சொல்லுங்க. சரக்கு எறக்குத எடத்துல கூட இவ்வளவு நேரம் நிப்பாட்ட மாட்டாங்க" என்றார். டெரன்ஸ் கோபத்தோடு வேனில் ஏறி உட்கார்ந்தான். ஆனால் அம்மாவைத் தன் வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஸ்டெபியின் தங்கை குடும்பம் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. அந்தக் கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வேன் நகர்ந்தது. அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த இஞ்ஞாசியம்மாள் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"ஏளா ஜெயா. ஒன் வீடு வழியிலதான இருக்கு?"

"ஆமா."

"கட்டில் கிடக்கா?"

"கிடக்கு. ஆனா நான் சும்மா பாக்க மாட்டேன் அக்கா."

"சும்மா பாத்தவள்வ வீட்டுலதான் எனக்குப் புண்ணு வந்துச்சி. வண்டிய விடச் சொல்லு."

டெரன்ஸுக்கு அது பெரிய நிம்மதி. "நாலு நாள் வச்சிருங்க அக்கா. அதுக்குள்ள அவகிட்ட பேசி முடிச்சிருதேன். சம்பளத்துல சேத்துத் தாரேன்" என்றான். காற்று மெத்தையை மறுநாள் நயினாரிடம் கொடுத்து அனுப்பினான். அம்மாவின் துணிப்பையை அனுப்பவில்லை. கார்டையும் அனுப்பவில்லை.

என் வீடு முத்தையாபுரத்தில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். முன்னறையில் கட்டிலைப் போட்டு, ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்க வைத்தேன். புண் மறுபடியும் திறந்திருந்தது. அரை நாள் வெயிலில் ஆறு மாத வேலை போயிற்று. கழுவிக் கட்டினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தார். வலிக்கு அழவில்லை. கட்டி முடித்த பிறகு, "ஒரு கப் காப்பி தா, சீனி தூக்கலா. ஷெர்லின் வீட்டு குசினில எனக்குச் சீனி பூட்டு போட்டுல்லா இருந்துச்சி" என்றார்.

சில நாள் கழித்து ஓய்வூதியர் நேர்காணல் வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை, ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று பதிய வேண்டும். அம்மாவுக்கு அது ஜூலை மாதம். பதியாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். நடக்க முடியாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே மெஷினோடு வந்து கைரேகை வாங்கிப் போகிறார். டெரன்ஸ் தபால்காரரிடம் பேசி என் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தான். அன்று காலை அவனும் வந்தான். அவனுக்குப் பின்னாலேயே ஷெர்லினும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அன்றைக்குப் பூட்டிய கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்கள் இன்றைக்கு ஒன்றாக என் வீட்டுப் படியேறினார்கள். கையில் ஆப்பிள் வேறு.

தபால்காரர் மகாராஜன் பொறுமையான மனிதர். மெஷினைக் கட்டில் ஓரத்தில் வைத்து, "பாட்டி, பெருவிரல மட்டும் இதுல வைங்க" என்றார்.

இஞ்ஞாசியம்மாள் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வைக்க மாட்டேன்."

"அம்மா, வெளையாடாதிய" என்றான் டெரன்ஸ்.

"நான் செத்துட்டேன்னு எழுதிக்கிடட்டும்."

மகாராஜன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். என்னிடம் அவர் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை.

"பென்ஷன் நின்னு போயிரும்மா! அரியர் வேற ஏறியிருக்கு!" என்று ஷெர்லின் பதறினாள்.

"நிக்கட்டும். நின்னா ஒங்க ரெண்டு பேருக்கும் நான் பாரம். இருந்தா நான் பவுன். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"இப்ப ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

"கார்டு. எங்கையில. நான் இங்கன கிடக்கேன். ஜெயாவுக்கு ராத்திரி பகல் ரெண்டுக்கும் சம்பளம், வாடகை, மருந்து. எனக்கு ஏறும்போது அவளுக்கும் ஏறணும். மிச்சம் இருந்தா பேங்குல கிடக்கட்டும். நான் போன பெறகு ரெண்டு பேரும் குஸ்தி போட்டு எடுத்துக்கிடுங்க."

டெரன்ஸ் என் பக்கம் திரும்பினான். "நல்லாத்தான் மந்திரிச்சி வச்சிருக்கிய. நாலு நாள்ல எங்க அம்மாவ எழுதி வாங்கிட்டிய."

"ஒங்க அம்மாவ நான் வாங்கல தம்பி. ஆறுமுகநேரில வெயில்ல போட்டிருந்திய, தூக்கிட்டு வந்தேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஷெர்லின் கட்டிலில் உட்கார்ந்து, கொஞ்சுவது போலக் குனிந்து, போர்வைக்குள் கையை விட்டு அம்மாவின் வலது கையை வெளியே இழுத்தாள். டெரன்ஸ் மணிக்கட்டைப் பிடித்தான். விரலை விரித்தான். அண்ணனும் தங்கையும் ஒன்று சேர்ந்து ஒரு வேலை செய்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். இஞ்ஞாசியம்மாள் முஷ்டியை மூடிக்கொண்டார். அந்த வயதில் எலும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காய்ந்த முருங்கைக் குச்சி.

நான் டெரன்ஸின் கையில் ஓங்கி ஒன்று போட்டேன். அது ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டது இல்லை.

"விடுலே. முறிஞ்சா போலீசுக்குப் போவேன்."

மகாராஜன் மெஷினை மூடிப் பைக்குள் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "சார், நான் இதுல உயிரோட இருக்காங்களான்னுதான் பாக்க முடியும். கையப் புடிச்சி வாங்குனா எனக்கு வேல போயிரும். நீங்க பேசி முடிங்க. நான் அந்தத் தெருவுல ஒரு மணியார்டர் குடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அம்மாவின் மணிக்கட்டில் விரல் தடம் சிவந்து கிடந்தது. ஷெர்லின் அழ ஆரம்பித்தாள். அம்மாவைப் பார்த்து இல்லை, அண்ணனைப் பார்த்து. "நீ அன்னைக்கே கார்டத் தந்திருந்தா இதெல்லாம் வருமா?" என்றாள். அவன், "நீ கேட்டத் தொறந்திருந்தா வருமா?" என்றான். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் கணக்குப் பேசினார்கள். ஓய்வூதியம் நின்றால் ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் விழும் என்று பேசினார்கள். அம்மா படுத்திருந்த கட்டிலுக்கு மூன்றடி தள்ளி நின்றுதான் பேசினார்கள். நான் ஆப்பிளை எடுத்து வெட்டி அம்மாவுக்குக் கரண்டியால் சுரண்டிக் கொடுத்தேன். வாங்கி வந்த பண்டத்தை வீணாக்குவானேன்.

கடைசியில் டெரன்ஸ் பர்ஸைத் திறந்து கார்டை எடுத்துப் போர்வை மேல் எறிந்தான்.

"பின் நம்பர மாத்திருக்கியா?" என்று கேட்டார் அம்மா.

அவன் பர்ஸை மூடிப் பைக்குள் வைத்தான்.

"மாத்தியிருப்ப. சொல்லு."

சொன்னான். அவருடைய பேரனின் பிறந்த வருடம். அரியரில் பாதியை முன்தினமே எடுத்துவிட்டதையும் அப்போதுதான் ஒத்துக்கொண்டான். அதைக் கேட்டு ஷெர்லின் இன்னொரு தடவை அழுதாள். இஞ்ஞாசியம்மாள் அழவில்லை. "மீதி இருக்குல்லா. போதும். ரெண்டு பேரும் வெளிய போங்க. அந்தத் தபால்காரப் பையன மட்டும் வரச் சொல்லுங்க" என்றார்.

மகாராஜன் திரும்பி வந்தார். அம்மா தானாகவே கையை நீட்டினார். விரலை எத்தனை தடவை வைத்தாலும் மெஷின் ஏற்கவில்லை. ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. உப்புக் காற்றில் ஈரச் சங்கைப் புரட்டிப் புரட்டி எழுதிய விரல் அப்படித்தான் இருக்கும். மகாராஜன் செல்போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். "பாட்டி, கண்ணச் சிமிட்டுங்க. மெதுவா. ஒரு தடவ."

"இந்த வயசுல எவனப் பாத்துக் கண்ணடிக்கணும்?"

"என்னப் பாத்துதான் பாட்டி."

"நீ ஆளு நல்லாத்தான் இருக்க" என்றார். முதலில் என்னிடம் சேலைத் தலைப்பை இழுத்து மார்பை மூடச் சொன்னார். தலையை வாரச் சொன்னார். அதற்குப் பிறகுதான் சிமிட்டினார். பதிந்துவிட்டது.

மகாராஜன் போனதும் அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்தேன். நேரம் ஆகியிருந்தது, டிரெசிங் மாற்ற வேண்டும். பழைய கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு குறைந்திருந்தது. நல்ல சதைதான் வருகிறது. சொன்னேன். "உம்" என்றார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

அழுக்குத் துணியை வாளியில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஷெர்லினின் ஆட்டோ போய்விட்டிருந்தது. டெரன்ஸ் மட்டும் எதிரே வாய்க்கால் பாலத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"பதிஞ்சிட்டா அக்கா?"

"புண்ணு ஆறிக்கிட்டு வருது" என்றேன்.

"அதில்ல. அது பதிஞ்சிட்டான்னு கேக்கேன்."

நான் வாளியைக் குழாயடியில் வைத்துத் துணியை அலசத் தொடங்கினேன். அவன் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் தெறித்ததும் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான். மறுபடியும் கேட்டான்.